அம்பாசிடர் கதவடியில் துரு எடுத்த இடத்துக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாம்

கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். சருகும் மண்ணும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். அரித்த பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யும் டிங்கர் வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை

கண்ணில் படாத ஓர் இடத்தில், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டைக் கரைக்கும் டின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டினால் பழைய பெயிண்ட் என்.சி. வகை. ஒன்றுமே ஆகாவிட்டால் அது 2கே, அதாவது இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் வகை. இரண்டின் மேலும் என்.சி. அடிக்கலாம். சுருங்கிக் கொப்பளித்தால் எனாமல். அதன் மேல் என்.சி. அடித்தால் முழுக் கதவும் அப்படியே சுருங்கும், எனவே பழையதை முற்றிலும் உரித்துவிட வேண்டும்.

2கே பெயிண்ட் உறுதியானதுதான். ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று செலுத்தும் முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. வீட்டுக்கு என்.சி. போதும். அதற்கும் ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அருகில் அடுப்போ தீப்பொறியோ இருக்கக் கூடாது.

விளிம்பைச் சரிவாக்குதல்

வேலையின் தரம் இங்கேதான் முடிவாகிறது. மெழுகும் பாலிஷும் போகத் துடையுங்கள். சிலிக்கான் மிச்சமிருந்தால் பெயிண்ட் சிறு குழிகளாக விலகி நிற்கும். வெல்டு செய்த இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பிறகு 180, 320 என்று வெளிநோக்கி நகருங்கள். இரும்பு, பழைய பிரைமர், பழைய நிறம் எல்லாம் மரத்தின் வளையங்கள்போல அகலமாகத் தெரிய வேண்டும். கண்ணை மூடி விரலை ஓட்டினால் படி எதுவும் தட்டக் கூடாது. பெயிண்ட் அந்தப் படியை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

எபாக்ஸி, பட்டி

இரும்பை ஈரக்கையால் தொடாமல், அன்றே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். சுற்றிலும் மறைக்க ஒட்டும் டேப்பின் விளிம்பைப் பின்னால் மடித்து ஒட்டினால் பிரைமர் கோடு விழாமல் மங்கி முடியும். மறுநாள் 180-ஆல் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு, பள்ளம் நிரப்பும் பட்டி வையுங்கள்.

100 கிராம் பட்டிக்கு அதற்குரிய ஹார்ட்னர் 2 கிராம். அதிகம் போட்டால் அது மேலே கசிந்து, பெயிண்ட் அடித்து நாளான பின்பும் வெள்ளையில் மஞ்சள் கறையாகத் தெரியும். வெயில் காலத்தில் சில நிமிடங்களில் இறுகிவிடும், ஆகவே எலுமிச்சை அளவு மட்டும் குழையுங்கள். கனம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். கட்டையில் சுற்றிய 80, பிறகு 180 தாளால் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பட்டியில் தண்ணீர் படவே கூடாது. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னாளில் கொப்புளமாக வெளிவிடும்.

அதன் மேல் என்.சி. சர்ஃபேசர் (நுண்கீறல்களை நிரப்பும் அடிப்பூச்சு) மூன்று கோட். என்.சி. காயக் காயச் சுருங்கும். ஓர் இரவாவது விடுங்கள். பிறகு கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவி, 400-ஆல் உலர்வாகத் தேயுங்கள். கறுப்பு மிஞ்சிய இடம் பள்ளம். பட்டியோ இரும்போ வெளியே தெரிந்தால் மறுபடி சர்ஃபேசர். எதுவும் தெரியாவிட்டால் 600 வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்).

நிறம்

காரின் பழைய வெள்ளை நிறம் மங்கியிருக்கும். கடையில் மாதிரி பார்க்கும் முன் அதை ரப்பிங் கம்பவுண்டால் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளுத்துப்போன மேல்தோலுக்குத்தான் நிறம் கலப்பார்கள். கதவின் நடுவில் நிறுத்தாமல் முழுக் கதவுக்கும் அடிப்பதே நல்லது.

பெயிண்டும் டின்னரும் சரிபாதி. ஸ்ப்ரே கன்னை 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், கதவுக்கு இணையாக நகர்த்துங்கள். மணிக்கட்டை வளைத்தால் நடுவில் வழியும், ஓரம் வறண்டு சொரசொரக்கும். ஒவ்வொரு வரியும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். 10 நிமிட இடைவெளியில் 5 கோட். மழைநாளில் வேண்டாம், காற்றின் ஈரம் படிந்து வெண்புகை மூடியதுபோல் மங்கும்.

ஒரு வாரம் கழித்து 1500, 2000 வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் கம்பவுண்ட். கதவின் மடிப்பு விளிம்புகளில் கை வைக்காதீர்கள், அங்கே பெயிண்ட் மெல்லியது.

கடைசியாக, அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, கதவின் உள்ளே துருத்தடுப்பு மெழுகை நீளக் குழாயால் பீய்ச்சுங்கள். வெல்டு தையலின் பின்பக்கம் நனைய வேண்டும். மெழுகு வடிந்து நின்றதும், துளைகள் மறுபடி அடைபட்டிருக்கின்றனவா என்று ஒருமுறை குத்திப் பாருங்கள்.