சிசி பணத்தில் மெஷின் வாங்காதீர்கள்

ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிகிறது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் இல்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் இது பழகிப்போன கதை. பல நேரங்களில், புதிய மெஷினுக்கான பணம் சிசி (கேஷ் கிரெடிட்) என்ற வங்கிக் கடன் கணக்கிலிருந்து போயிருக்கும்.

சிசி என்பது நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்குமான நடைமுறை மூலதனம். சில மாதங்களில் சுற்றித் திரும்ப வேண்டிய பணம். மெஷின் போட்ட முதலைத் திருப்பித் தர ஆண்டுகள் ஆகும். மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்துத்தான் வங்கி, எடுக்கக்கூடிய தொகையைக் கணக்கிடுகிறது. மெஷின் அதில் சேராது. சரக்குக்கான பணம் மெஷினுக்குள் போனால் அந்த வரம்பும் சுருங்கும்.

சரி, மெஷினுக்கென்று தனியாக டேர்ம் லோன் (ஆண்டுக்கணக்கில் தவணையாகக் கட்டும் கடன்) வாங்கிவிட்டோம் என்பவர்களும் தப்புவதில்லை. அவர்கள் சறுக்கும் இடம் வேறு. 12 கோடி விற்பனை 18 கோடியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்கியதிலிருந்து பையர் பணம் வரும்வரை 90 நாள் என்றால், விற்பனையில் கால்பங்கு, அதாவது 4.5 கோடி, எப்போதும் முடங்கியிருக்கும். சிறுதொழிலுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைப்படி, எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி தரும். 5 சதவீதம் நம்முடையது. 60 லட்சமாக இருந்த நம் பங்கு இப்போது 90 லட்சம். கூடுதல் 30 லட்சம் தயாராக இருக்கிறது, நல்லது. ஆனால் ஒரு கோடி ரூபாய் மெஷினுக்கு வங்கி 25 லட்சம் மார்ஜின் (நம் கைப்பணம்) கேட்கும்போதும் அதே 30 லட்சத்தைத்தான் காட்டுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கடன் கோப்புகளும் கச்சிதம்; சேர்த்துப் பார்த்தால் 25 லட்சம் குறைகிறது!

மெஷினுக்கான ஜிஎஸ்டியையும் மறந்துவிடுவார்கள். எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் ஏற்றுமதி செய்பவர்களுக்கு அந்த வரி ரீஃபண்டாக வராது. பிற வரியில் கழியும்வரை காத்திருக்க வேண்டும்.

வருமான வரியைக் குறைக்க மார்ச் மாதம் அவசரமாக மெஷின் வாங்குவதும் வீண். 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்கு அந்த ஆண்டு 15 சதவீதத் தேய்மானத்தில் பாதிதான்.

கடைசியில், கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரரின் பில்லை இழுத்தடித்துச் சமாளிப்பார்கள். அவர் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, என்ன ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிசி வட்டியே அதைவிட மலிவு.