பக் நாயின் முக மடிப்பு

பக் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அந்தச் சுருக்க முகத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தால் கோபமெல்லாம் பறந்துவிடும். ஆனால் அந்த முகத்துக்குத் தினமும் 2 நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும். மூக்குக்கு மேலே உள்ள மடிப்பை விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். கண்ணீரும் சோற்றுத் துணுக்கும் சேர்ந்து பழுப்பாக அழுக்கு படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடையுங்கள். அப்புறம் உலர்ந்த துணியால் ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி எடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும், பாவம். மடிப்பு சிவந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சப்பை மூக்கு என்பதால் வெயிலில் சீக்கிரம் மூச்சு திணறும். காலை 7 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.