சின்னக் கடையிலும் பப்பிலும் பியர் லாபம்: வற் கழித்துக் கணக்குப் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தில் ஒஃப் லைசன்ஸ் கடையோ சின்ன பப்போ எடுத்திருப்பவர்களுக்கும், எடுக்க யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. லைசன்ஸ் எப்படி எடுப்பது, பேர்சனல் லைசன்ஸ் கோர்ஸ் எங்கே செய்வது என்பதெல்லாம் இங்கே இல்லை. கவுன்சில் இணையத்தளத்தில் அது விளக்கமாகவே இருக்கிறது. ஷெல்ஃப் நிறையப் பியர் இருக்கிறது, டில்லும் ஓடுகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

கீழே வரும் கொள்விலையும் விற்பனை விலையும் உதாரணங்கள். டியூட்டி (மதுவரி) வீதங்கள் 2025 பெப்ரவரி 1 முதல் 2026 ஜனவரி 31 வரை நடைமுறையில் இருந்தவை. பட்ஜெட்டோடு அவை மாறும், மாறும்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

படி 1: விற்கிற விலையை 1.2 ஆல் வகுங்கள்

பலருக்கும் இடிக்கிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

கேஷ் அண்ட் கேரியில் விலைத்துண்டில் பெரிதாகப் போட்டிருப்பது வற் (20 சதவீத விற்பனை வரி) சேராத விலை. உங்கள் ஷெல்ஃபில் நீங்கள் ஒட்டுவது வற் சேர்ந்த விலை. இரண்டையும் நேராகக் கழித்தால் இல்லாத லாபம் இருப்பதாகத் தெரியும்.

440 மி.லீ. கான் நான்கு கொண்ட பக் ஒன்று வற் இல்லாமல் 3.60 பவுண்ட் என்று வையுங்கள். அதை 5.50க்கு விற்கிறீர்கள். 5.50இல் 3.60 போனால் 1.90, அதாவது 34.5 சதவீதம் என்று மனம் சொல்லும். அது பிழை. 5.50ஐ 1.2 ஆல் வகுத்தால் 4.58. மிச்சம் 92 பென்ஸ் வரித்துறையின் காசு, உங்கள் டில்லில் சில நாள் தங்கிப் போகிறது, அவ்வளவுதான். 4.58இல் 3.60 போக 98 பென்ஸ். அதை 4.58 ஆல் வகுத்தால் 21.4 சதவீதம். மொத்தக் கடைக்காரர்கள் பி.ஓ.ஆர் என்று சொல்வது இந்தச் சதவீதத்தைத்தான்.

இதே இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "எனக்கு 25 சதவீதம் வேண்டும்" என்று கொள்விலையோடு 25 சதவீதத்தைக் கூட்டுகிறவர்கள் பலர். 3.60ஓடு 25 சதவீதம் கூட்டினால் 4.50, வற் சேர்த்தால் 5.40. இதில் கிடைக்கும் 90 பென்ஸ், 4.50இல் 20 சதவீதம் மட்டுமே. சரியான வழி: கொள்விலையை 0.75 ஆல் வகுங்கள், பிறகு 1.2 ஆல் பெருக்குங்கள். 3.60 ÷ 0.75 = 4.80, அதை 1.2 ஆல் பெருக்க 5.76. ஆகவே 5.75 என்று ஒட்டலாம். 30 சதவீதம் வேண்டுமென்றால் 0.75க்குப் பதில் 0.70.

டில் மென்பொருள் காட்டும் லாப அறிக்கையைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். கொள்விலையை வற் சேர்த்து ஏற்றியிருக்கிறதா, சேர்க்காமலா என்பது ஒவ்வொரு கடையிலும் வேறு மாதிரி இருக்கும். எக்செல்லில் நான்கு பத்தி போதும்: கொள்விலை, விற்பனை விலை, அதை 1.2 ஆல் வகுத்தது, வித்தியாசம். பியருக்கு இதைவிட நல்ல கருவி தேவையில்லை.

(வருட விற்றுமுதல் 90,000 பவுண்டுக்குக் கீழே இருந்து வற்றில் பதியாமல் இருந்தால் கணக்கு வேறு. அப்போது கொள்விலையோடு வற்றைச் சேருங்கள், விற்பனை விலையை வகுக்க வேண்டாம். ஆனால் பியர் விற்கிற கடை அந்த எல்லைக்குள் நிற்பது அபூர்வம்.)

படி 2: ஒரு கானில் டியூட்டி எவ்வளவு என்று தெரிந்துவைத்திருங்கள்

2023 ஓகஸ்டிலிருந்து மதுவரி முழுக்க அல்ககோல் அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. 3.5 சதவீதம் முதல் 8.5க்குக் கீழே வரையான கான், போத்தல் பியருக்கு, 2025 வீதப்படி சுத்த அல்ககோல் லீற்றருக்கு 21.78 பவுண்ட். 440 மி.லீ. கான், 5 சதவீதம் என்றால் அதில் 22 மி.லீ. அல்ககோல். டியூட்டி 48 பென்ஸ். 24 கான் பெட்டிக்கு 11.50 பவுண்ட்.

இந்த 11.50 மனதில் நிற்கட்டும். வானில் வந்து பின்கதவில் நின்று "பெட்டி 12 பவுண்ட், இன்வொயிஸ் இல்லை" என்று ஒருவர் சொன்னால், கானும் பியரும் லொறியும் சேர்ந்து 50 பென்ஸா என்று கேட்டுப் பாருங்கள். அது டியூட்டி கட்டாத சரக்கு. 2017 ஏப்ரலிலிருந்து, வரித்துறையில் மதுவுக்குப் பதிந்த மொத்த வியாபாரியிடம் மட்டுமே கடைக்காரர் வாங்கலாம். அந்தப் பதிவு எண் இன்வொயிஸில் இருக்கும், அரசாங்க இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். புது சப்ளையர் என்றால் பார்த்த திகதியோடு அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். சரக்கைப் பறிப்பதோடு முடியாது, லைசன்ஸை மீளாய்வுக்குக் கூப்பிடுவார்கள்.

அதே கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டியூட்டியும் அதன் மேல் வற்றும் சேர்ந்த தொகைக்குக் கீழே மது விற்கக்கூடாது. நம் கானுக்கு அது 2025 வீதப்படி 58 பென்ஸ். திகதி நெருங்கிய சரக்கைத் தள்ளி விற்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

3.4 சதவீத பியர் ஏன் இவ்வளவு வருகிறது என்பதும் இப்போது விளங்கும். 3.5க்குக் கீழே போனால் 2025 வீதம் 9.61 பவுண்ட்தான். அந்தக் கானில் டியூட்டி 14 பென்ஸ் அளவில் முடிந்துவிடும்.

படி 3: விலை அச்சிட்ட பக்கா, வெறும் பக்கா

விலை அச்சிட்ட பக்கில் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது, லாபமும் குறைவு. ஆனால் "இந்தக் கடையில் விலை கூட" என்ற பேச்சை அது அடக்கும். அதிகம் ஓடுகிற இரண்டு லாகருக்கு மட்டும் விலை அச்சிட்ட பக், மற்றதெல்லாம் வெறும் பக். என் விருப்பம் இது.

தனிக் கானில்தான் உண்மையான லாபம். மேலே சொன்ன பக்கில் ஒரு கானின் கொள்விலை 90 பென்ஸ். தனியாக 1.75க்கு விற்றால் வற் போக 1.46, லாபம் 56 பென்ஸ். பக்காக விற்றால் அதே கானில் 25 பென்ஸ்கூட வராது. உடனே எல்லாவற்றையும் உடைத்து அடுக்கிவிட வேண்டாம். முதலில் உங்கள் பிரெமிசஸ் லைசன்ஸை எடுத்து அனெக்ஸ் 2, அனெக்ஸ் 3 இரண்டையும் வரி வரியாக வாசியுங்கள். தனிக் கான் விற்கக்கூடாது, 6.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர் வைக்கக்கூடாது என்ற நிபந்தனைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2012இல் இப்ஸ்விச்சில் தொடங்கிய வன்பியர் குறைப்புத் திட்டத்துக்குப் பிறகு பல கவுன்சில்கள் இப்படிக் கேட்கின்றன. கடையைக் கைமாற்றி வாங்கியவர்களுக்கு, பழைய முதலாளி ஒத்துக்கொண்ட நிபந்தனைகள் அப்படியே வந்து சேரும்.

படி 4: சதவீதத்தை விடுங்கள், பிரிட்ஜ் தட்டுக்கு எத்தனை பவுண்ட்?

கிராஃப்ட் பியர் பக் ஒன்று 7.50க்கு வாங்கி 12க்கு விற்றால் லாபம் 2.50, அதாவது 25 சதவீதம். 21.4 சதவீத லாகரைவிட நல்லதாகத் தெரியும். ஆனால் அது வாரத்துக்கு மூன்று பக் போனால் 7.50 பவுண்ட். லாகர் 30 பக் போனால் 29.40. இரண்டும் பிரிட்ஜில் பிடிக்கிற இடம் ஒன்றே. மாதம் ஒருமுறை ஒவ்வொரு தட்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, கடைசி இரண்டு தட்டை மாற்றிப் பாருங்கள்.

பிரிட்ஜ் கண்ணாடிக் கதவு போட்டதாகவே இருக்கட்டும். திறந்த பிரிட்ஜில் சனம் கூட எடுக்கும் என்று விற்க வருகிறவர் சொல்வார், கரண்ட் பில் அவருக்கு வராது. ஒரு நாளைக்கு 12 யூனிட், யூனிட் 25 பென்ஸ் என்றால் வாரத்துக்கு 21 பவுண்ட். அதாவது முதல் 21 பக் லாகரின் லாபம் பிரிட்ஜுக்கே போகிறது. கீழே இருக்கும் கண்டென்சர் வலையில் தூசி பஞ்சுபோல ஒட்டினால் கொம்பிரசர் நிற்காமல் ஓடும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷாலும் வக்யூம் கிளீனராலும் எடுங்கள். பச்சை, வெள்ளைப் போத்தல்களை யன்னல் பக்கம் அடுக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹொப்ஸ் கெட்டு நாற்றம் வரும், திருப்பிக் கொண்டுவருவார்கள்.

படி 5: கசிவு

காட் மெஷின் 1.5 சதவீதம் என்றால் அது 5.50 முழுவதிலும் வெட்டப்படும், 98 பென்ஸில் அல்ல. 8 பென்ஸ் போய்விடும், மிச்சம் 90. அதை வாடிக்கையாளரிடம் தனியாக அறவிடுவது 2018 ஜனவரியிலிருந்து சட்டவிரோதம். ஒரு பக் களவு போனால் அதன் 3.60ஐ எடுக்க இன்னும் நான்கு பக் விற்க வேண்டும். கதவோரம் பியர் அடுக்கும் பழக்கத்தை இதனாலேயே விடச் சொல்கிறேன்.

பப் என்றால்: கெக் கணக்கு

கானில் உள்ளது முழுக்க விற்கும். கெக்கில் (பியர் பீப்பாயில்) அப்படி இல்லை.

50 லீற்றர் கெக், 568 மி.லீ. பைன்ட். காகிதத்தில் 88 பைன்ட். கெக் வற் இல்லாமல் 150 பவுண்ட் என்றால் பைன்ட் 1.70. விற்பது 5.40, வற் போக 4.50. லாபம் 2.80, அதாவது 62 சதவீதம். இப்போது 6 சதவீதம் வீணாகிறது என்று வையுங்கள். 83 பைன்ட்தான் டில்லில் ஏறும், பைன்ட்டின் கொள்விலை 1.81 ஆகிவிடும். கெக் ஒன்றுக்கு 22.50 பவுண்ட் விற்பனை சாக்கடைக்குள் போகிறது. ஆகவே வாராவாரம் டில்லில் ஏறிய பைன்ட்டுகளை, முடிந்த கெக் எண்ணிக்கை × 88 ஆல் வகுங்கள். 93 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால் காரணம் தேடுங்கள்.

முதல் காரணம் லைன் (கெக்கிலிருந்து பியர் வரும் குழாய்) கழுவுவது. ஏழு நாளைக்கு ஒருமுறை கழுவத்தான் வேண்டும், அதில் கைவைக்காதீர்கள். 3/8 அங்குலக் குழாயில் மீற்றருக்கு 71 மி.லீ. பியர் நிற்கும். செலரிலிருந்து (கெக் வைக்கும் நிலவறை) டப் வரை 20 மீற்றர் என்றால் 1.4 லீற்றர், இரண்டரை பைன்ட். ஆறு லைன் என்றால் வாரம் 15 பைன்ட். கெக் முடிகிற நேரத்தோடு கழுவுவதைப் பொருத்தினால் இதில் நல்ல பங்கு மிஞ்சும். ஊதா நிறக் கிளீனர் வாங்குங்கள், அழுக்கைத் தொட்டால் பச்சையாக மாறும், கண்ணாலேயே தெரியும். லேபிளில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது காரம், தோலை எரிக்கும்.

இரண்டாவது காரணம் நுரை. லாகர் நுரைத்துக்கொண்டே வந்தால் புதியவர்கள் செய்வது காஸ் அழுத்தத்தைக் குறைப்பது. நிலைமை மோசமாகும். அழுத்தம் குறைந்தால் பியரில் கரைந்திருக்கும் காஸ் குழாய்க்குள்ளேயே பிரியும், அதுதானே நுரை. காஸைத் தொடுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். செலர் 11 முதல் 13 பாகைக்குள் இருக்கிறதா? கெக் இன்று லொறியில் வந்து வெப்பமாகவே பூட்டப்பட்டதா? காஸ் சிலிண்டர் முடிகிறதா? லைன் எப்போது கழுவியது? கிளாஸில் சோப்போ எண்ணெயோ இருக்கிறதா? ஊற்றுகிறவர் டப்பைப் பாதி திறந்து ஊற்றுகிறாரா? டப்பை முழுதாகத் திறக்க வேண்டும், பாதி திறந்த வாயில் பியர் சிதறி நுரைக்கும். இவ்வளவும் சரியென்றால் மட்டும் டெக்னீசியனைக் கூப்பிடுங்கள். ஸ்டவுட்டுக்கான 30/70 நைட்ரஜன் கலவையை லாகரில் மாட்டியிருந்தால் பிரச்சினை மறுபக்கம்: சில நாளில் லாகர் செத்துப்போகும்.

செலரில் கரியமிலவாயு அலாரம் இல்லாமல் இறங்க வேண்டாம். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, தரையோடு தேங்கும்.

காஸ்க் ஏல் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும். ஃபேர்கின் என்ற பீப்பாயில் 72 பைன்ட், திறந்தால் மூன்று நாள். நாளுக்கு 24 பைன்ட் போகாவிட்டால் 'பின்' (pin) என்ற 36 பைன்ட் பீப்பாயை எடுங்கள், லீற்றருக்கு விலை கூடினாலும் பரவாயில்லை. அடியில் மண்டி நிற்பதால் 72உம் விற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஸ்கொட்லாந்துக் கடைகள்

கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன 58 பென்ஸ் கணக்குப் பொருந்தாது. அங்கே 2024 செப்டெம்பர் 30 முதல் அல்ககோல் யூனிட் ஒன்றுக்குக் குறைந்தது 65 பென்ஸ். 440 மி.லீ., 5 சதவீதம் என்றால் 2.2 யூனிட், கான் 1.43. நான்கு பக் 5.72க்குக் கீழே விற்க முடியாது. ஆகவே இங்கிலாந்துக்காக 5.50 என்று விலை அச்சிட்ட பக் அங்கே ஷெல்ஃபில் ஏறவே கூடாது, கேஷ் அண்ட் கேரியில் தூக்கும்போதே பாருங்கள். "இரண்டு வாங்கினால் மலிவு" என்ற ஒஃபரும் 2011 ஒக்டோபரிலிருந்து கிடையாது. எடுத்துப்போகும் மது காலை 10 முதல் இரவு 10 வரைதான், டில்லில் அந்த நேரப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.