ஜப்பான் வெண்டிங் மெஷின்: மீதிக் காசை விட்டுவிட்டு வராதீர்கள்

போன முறை கியோட்டோ போயிருந்தபோது, ஃபுஷிமி இனாரி மலைக்கோயில் அடிவாரத்தில் தமிழ் பேசிக்கொண்டு ஓர் இளம் ஜோடி. பானம் விற்கும் மெஷினில் ஆயிரம் யென் தாளைச் செருகி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். மெஷினில் 840 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "தம்பி, மீதிக் காசை எடுக்கலையே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். முதல் பயணத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

பானத்துக்குக் கீழே சிவப்புப் பட்டை இருந்தால் சூடு, நீலப் பட்டை இருந்தால் குளிர் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மீதியை எடுக்காமல் போவது

பொருள் விழுந்தால் சில்லறையும் கூடவே விழும் என்று நினைக்கிறோம். பல மெஷின்களில் அப்படி விழாது. மீதியில் இன்னொரு பானம் வாங்க முடியும் என்றால், நீங்கள் வாங்குவீர்கள் என்று அது காத்திருக்கும். காசு போடும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதற்குப் பெயர் ஹென்கியாக்கு, அதாவது திருப்பித் தருவது. அதைக் கீழே அழுத்தினால்தான் கீழ்க் கிண்ணத்தில் காசு சலசலவென்று கொட்டும்.

எனக்கு நடந்தது தகாயாமா பேருந்து நிலையத்தில், ஒரு குளிர்கால விடிகாலை. சூடான டீ பாட்டிலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த சுகத்தில் பேருந்து ஏறிவிட்டேன். ஐம்பது நிமிடம் கழித்து ஷிரகவாகோ கிராமத்தில் பர்ஸைத் திறந்தபோதுதான் உறைத்தது. 860 யென் போயே போச்சு. எண்ணி எண்ணிச் செலவு செய்த பயணம் அது. மதியச் சாப்பாட்டுக் காசு. மெஷினில் பழுதில்லை, யாரும் ஏமாற்றவுமில்லை. கண்ணெதிரே எண் எரிந்திருக்கிறது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. இன்றும் நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

அதனால் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே நெம்புகோலை அழுத்துங்கள். முதலில் காசு, அப்புறம் பாட்டில். கிண்ணத்தின் மூலை வரை விரலால் துழாவுங்கள். பத்து யென் காசு அங்கேதான் ஒட்டிக்கொள்ளும்.

பெரிய தாளோடு நிற்பது

பெரும்பாலான பான மெஷின்கள் 5,000, 10,000 யென் தாள்களை வாங்காது. 1 யென், 5 யென் காசும் செல்லாது. 2021 நவம்பரில் வந்த இருநிற 500 யென் காசையும், 2024 ஜூலையில் வந்த புது ஆயிரம் யென் தாளையும் சில பழைய மெஷின்கள் திருப்பித் துப்பும். உங்கள் பணத்தில் குறையில்லை, திரும்பத் திரும்பத் திணிக்காதீர்கள். நாலைந்து நூறு யென் காசு எப்போதும் பையில் இருக்கட்டும். சுய்கா மாதிரி ரயில் பயண அட்டையை ஏற்கும் மெஷின் என்றால் மீதிப் பிரச்சினையே இல்லை.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு

சில இடங்களில் டீ நிறத்தில் ஒரு பாட்டில் விற்கும்; உள்ளே சுட்ட மீன் முழுசாகக் கிடக்கும். அது தாஷி, சமையலுக்கான சாறு. குடிப்பதற்கல்ல.

குப்பை

பக்கத்திலுள்ள வட்டத் துளைப் பெட்டி காலி கேனுக்கும் பாட்டிலுக்கும் மட்டும்.