சிம்ஹத் தோராவுக்கு அழைப்பு வந்தால்

மும்பையில் பைகுல்லா, அக்ரிபாடா பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் பெனே இஸ்ரேல் யூதக் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு மராத்திதான். மாட்டுங்காவிலிருந்து நான் வேலைக்குப் போன காலத்தில் பக்கத்து மேசைக்காரி அப்படி ஒருத்தி. அவள் தயவில், யூத வேதமான தோராவைக் கொண்டாடும் இந்தச் சிம்ஹத் தோராப் பண்டிகையைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். உங்களையும் யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். சில விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

யூதக் கணக்கில் இது திஷ்ரி மாதம் 23. 2026-ல் அக்டோபர் 3 சனிக்கிழமை இருட்டியபின் தொடங்கி ஞாயிறு இருட்டும்வரை. அவர்களுக்கு நாள் பிறப்பதே சாயங்காலத்தில்தான், அதனால் "ஞாயிறு வா" என்றால் இரவா காலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இஸ்ரேலில் ஒரு நாள் முன்பே வந்துவிடும். நெட்டில் தேடினால் இரண்டு தேதியும் வந்து குழப்பும்.

கொண்டாட்டம் நடப்பது யூத ஆலயத்தில், அங்கே சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். வாசலில் போலீஸ் இருக்கும். உங்கள் பெயரை அழைத்தவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், அடையாள அட்டையும் வேண்டும். 2008-ல் கொலாபாவில் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல் தெரிந்தவர்கள் இதற்கு அலுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆண்கள் தலையை மூடவேண்டும், குல்லா இல்லாவிட்டால் கைக்குட்டை போதும். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம்.

வெறுங்கையோடு போக நமக்கு மனசு வராது. ஆனாலும் வீட்டு முறுக்கு வேண்டாம், அவர்களுடைய உணவு விதிகள் வேறு. முழுப் பழங்கள் பாதுகாப்பு. பண்டிகை நாளில் அவர்கள் பணத்தைத் தொடமாட்டார்கள், மொய்க்கவரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். போனை வாசலிலேயே அணைத்துவிடுங்கள், போட்டோவுக்கும் இடமில்லை.

இரவில், தோரா எழுதிய சுருள்களை வைத்திருக்கும் அலமாரியான பேழையைத் திறந்து அவற்றை எல்லாம் வெளியே எடுப்பார்கள். இங்கே சுருள் பெரும்பாலும் நெட்டுக்குத்தலான கெட்டிப் பெட்டிக்குள் இருக்கும், உச்சியில் சின்ன மணிகள் கோத்த வெள்ளிக் குமிழ்கள். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு நடுமேடையை ஏழு சுற்று வருவார்கள். முதலில் மணிச்சத்தம், பின்னாலேயே பாட்டு, அப்புறம் ஆட்டம். சுருள் வெளியே இருக்கும்வரை எழுந்து நில்லுங்கள், வழிவிடுங்கள், கைதட்டுங்கள். மற்றவர்கள் பெட்டியைத் தொட்டு விரல்களை முத்தமிடுவார்கள். நாம் பார்த்தாலே போதும், தூக்கக் கை நீட்ட வேண்டாம். சுருள் கீழே விழுந்தால் உபவாசம் இருக்கும் வழக்கமே அவர்களிடம் உண்டு. ஆகவே நம் வாண்டுகள் குறுக்கே ஓடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. காலா கோடாவில் 1884-ல் கட்டிய கெனெசெத் எலியாஹு போன்ற பழைய ஆலயங்களில் பெண்களுக்கு மாடி. ஆட்டம் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான், ஆண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எல்லாரும் இரவுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு வேளைதான் முடியும் என்றால் காலைக்குப் போங்கள் என்பேன். வருடம் முழுக்க வாரம் ஒரு பகுதியாக வாசித்து வந்த தோரா அன்றைக்கு முடிகிறது. வாக்களித்த நாட்டை மலைமேலிருந்து பார்த்துவிட்டு, அதில் கால்வைக்காமலே மோசே இறந்துபோகிறார். மூச்சுவிட நேரமில்லை, உடனே இன்னொரு சுருளைத் திறந்து "ஆதியிலே" என்று உலகப் படைப்பைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தாதி படித்து வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முடிக்கும் வாசிப்புக்கு அழைக்கப்படுபவருக்குத் தோராவின் மாப்பிள்ளை என்று பெயர், தொடங்கும் வாசிப்புக்கு வேறொரு மாப்பிள்ளை. பொடிசுகளை எல்லாம் மேடைக்கு அழைத்து, தலைக்கு மேல் ஒரு பெரிய தொழுகைச் சால்வையைப் பந்தலாகப் பிடித்து ஆசீர்வதிப்பதும் உண்டு. மிட்டாய் நிச்சயம்.

கிளம்பும்போது "ஹக் சமேயாக்" சொல்லுங்கள், பண்டிகை வாழ்த்து அது. ஆண்கள் பெண்களிடம் கைகுலுக்கப் போகாமல் கும்பிட்டால் போதும்.

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் சைவம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இறைச்சியோடு பாலைச் சேர்க்கமாட்டார்கள், அதனால் குழம்பில் தேங்காய்ப்பால்தான். மட்டன் பரிமாறிய பந்தியில் ஃபில்டர் காபி கேட்டு வீட்டம்மாவைச் சங்கடப்படுத்தாதீர்கள். காபியை மாட்டுங்கா திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம்.