ஸ்கோப் வாங்கும் முன் ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள்

என்னிடம் இருப்பது ரூகர் 10/22 என்ற ரைஃபிள். 1964-இல் வந்த மாடல், .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா, பத்து தோட்டா கொள்ளும் சுழல் மேகசின். ஒஹாயோவில் என் வீட்டு கராஜில்தான் அதைக் கழற்றிப் பூட்டுகிறேன். ஆரம்பத்தில் 50 கஜத்தில் ஐந்து குண்டும் மூன்று அங்குலத்துக்குச் சிதறும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்தான் மட்டம் என்று முடிவுகட்டி 200 டாலருக்குப் புதிது வாங்கினேன். சிதறல் அப்படியே இருந்தது. ஸ்கோப் உட்காரும் பட்டையை ஒருநாள் விரலால் தள்ளினால், ஆடுகிறது! பூட்டியவன் நானேதான்.

எதைத் தொடும் முன்பும் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை இழுத்து, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி மேஜையிலேயே இருக்கக் கூடாது.

பட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு பொட்டு வைத்து முறுக்குங்கள். சின்ன மரை, கைவலுவைக் காட்டினால் போச்சு. அப்புறம், தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையைத் துப்பாக்கியோடு சேர்க்கும் ஒற்றை ஸ்க்ரூ. கட்டையைக் கழற்றும்போது சேஃப்டி பொத்தானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கட்டையில் இடித்து நிற்கும். இது தெரியாமல் அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். திரும்பப் பூட்டும்போது முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 15 இன்ச்-பவுண்டில் தொடங்கினேன். என் கட்டைக்கு 18 ஒத்துவந்தது. உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம், சுட்டுப் பார்த்துத்தான் தெரியும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே புரியாது.

இவ்வளவுக்கே சிதறல் ஒன்றரை அங்குலத்துக்கு வந்துவிட்டது.

மீதியைச் செய்தது தோட்டா. நொடிக்கு 1235 அடி போகும் வேகத் தோட்டாவைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒலியின் வேகம் ஏறத்தாழ 1125 அடி. அதைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, வழியில் ஒலிவேகத்துக்கு இறங்கும்போது தடுமாறக்கூடும். 1070 அடியில் கிளம்பும் சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் தோட்டாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, விலையும் பரவாயில்லை. நான்கைந்து வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக நான்கு தாள் சுடுங்கள். வகை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுத் தோட்டாவின் மெழுகு குழலுக்குள் படிய அவ்வளவு ஆகும். என் துப்பாக்கிக்கு ஸ்டாண்டர்டே பிடித்தது, முக்கால் அங்குலம்.

சுடும்போது முன்னும் பின்னும் பை வைத்து அசையாமல் தாங்குங்கள். நான் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அரிசி போட்டுத் தைத்தேன். மூன்றே மாதத்தில் வண்டு வந்துவிட்டது. இப்போது உள்ளே மணல்.

சுத்தம் செய்ய, என் துப்பாக்கியில் பின்பக்கம் அடைப்பு என்பதால் கம்பியை முன்வாயிலிருந்துதான் நுழைக்க வேண்டியிருக்கும். கம்பி உரசி வாய் விளிம்பு தேய்ந்தால் குறி கெடும். அறைப்பக்கத்திலிருந்து இழுக்கும் கயிற்றுத் துடைப்பான் போதும்.

ட்ரிகரை மட்டும் நான் அரத்தோடு நெருங்கவில்லை. அது தவறினால் கெடுவது குறி மட்டுமல்ல. துப்பாக்கி தானாக வெடிக்கவும் கூடும். அந்த வேலைக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுத்துவிட்டேன்.