அயர்ன் மேன் இடத்துக்கு வந்த சிகாகோ பெண்: ரீரி வில்லியம்ஸ் கதையை எங்கிருந்து தொடங்கிப் படிப்பது?

2016 ஜூலையில் டைம் இதழ் மூலம் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இயந்திரக் கவசம் அணிந்து சண்டை போடும் அயர்ன் மேன் தொடரின் நாயகராக இனி டோனி ஸ்டார்க் இருக்கமாட்டார். சிகாகோவைச் சேர்ந்த 15 வயதுக் கறுப்பினப் பெண் ரீரி வில்லியம்ஸ் அந்த இடத்துக்கு வருகிறாள் என்றது அந்தச் செய்தி. இணையம் அன்றே இரண்டாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டது. முதல் இதழ் கடைக்கு வர அப்போது இன்னும் நான்கு மாதம் இருந்தது!

நான் ரீரியின் பக்கம். ஆனால் அவள் கதையைப் படிக்க விரும்பிக் கேட்பவர்களுக்குச் சரியான வழி சொல்வது சுலபமாக இல்லை. ஒரே பெயரில் இரண்டு தொடர்கள், பாதியில் தாவும் இதழ் எண்கள், நடுவில் குறுக்கே வரும் பெரிய சண்டைக் கதை என்று புதியவர்களை விரட்டியடிக்க எல்லாமே இருக்கிறது. காமிக்ஸையே இதுவரை தொடாதவரும் பின்பற்றக்கூடிய வரிசை ஒன்றைக் கீழே தருகிறேன். படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இடம் அவளுக்கு எப்போது உண்மையிலேயே சொந்தமாகிறது? கவசத்துக்குள் நுழைந்த நாளிலா, டோனி சரி என்று தலையாட்டிய நாளிலா, அதற்கும் பிறகா?

படி 1: தேடும்போது ஆண்டைச் சேர்த்துத் தேடுங்கள்

மார்வெல் அன்லிமிடெட் என்ற சந்தா செயலியில் பழைய இதழ்கள் கிடைக்கும். தொகுப்பு நூலாக வாங்கினாலும் சரி. எப்படியானாலும் தொடரின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். 'இன்வின்சிபிள் அயர்ன் மேன்' என்று 2015-இல் ஒரு தொடர் தொடங்கியது, 2016-இல் இன்னொன்று தொடங்கியது. முதலாவது டோனியுடையது, இரண்டாவது ரீரியுடையது. நமக்கு இரண்டும் வேண்டும். அப்புறம் 2018-இல் தொடங்கிய 'அயர்ன்ஹார்ட்'; அது ரீரியின் சொந்த நாயகிப் பெயர். ஆக 2015, 2016, 2018 என்ற மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

படி 2: ரோட்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகத் தோன்றும், போகாதீர்கள். அயர்ன் மேன் கவசத்தை அணிந்த முதல் கறுப்பினத்தவர் ரீரி அல்ல. 1983-இல் டோனி குடியில் மூழ்கிக் கிடந்தபோது, பழைய 'அயர்ன் மேன்' தொடரின் 169-ஆம் இதழில் அவருடைய நண்பரும் விமானியுமான ஜேம்ஸ் ரோட்ஸ் கவசத்துக்குள் நுழைந்தார். ஒரு நாள் மாற்று ஆட்டக்காரராக இல்லாமல் ஏறத்தாழ 30 இதழ்களுக்கு அவரே அயர்ன் மேனாக இருந்தார். பிறகு 200-ஆம் இதழில் டோனி திரும்பி வந்தார். வார் மெஷின் என்ற தனிப் பெயரும் தனிக் கவசமும் ரோட்ஸுக்குக் கிடைத்ததெல்லாம் 1990-களில்தான்.

அந்த 30 இதழ்களையும் படிக்க வேண்டாம், 169-ஐயும் 170-ஐயும் மட்டும் படியுங்கள். நண்பர் எழுந்து வரும்வரை இடத்தைக் காத்து நின்றவர் ரோட்ஸ். டோனி வந்ததும் இடம் டோனியிடமே திரும்பிப் போனது. ரீரி விஷயத்தில் இதே நடக்குமா, நடந்தால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்ற கவலையோடு அடுத்த படிக்குப் போனால், படிக்கும் சுவையே வேறு.

படி 3: 2015 தொடர், 7-ஆம் இதழிலிருந்து

ரீரி முதலில் தலைகாட்டுவது இங்கேதான், 2016 மார்ச்சில். உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் மைக் டியோடாடோவும். கறுப்பின ஸ்பைடர் மேனான மைல்ஸ் மொராலஸை 2011-இல் ஓவியர் சாரா பிக்கெல்லியுடன் சேர்ந்து உருவாக்கியவரும் இதே பெண்டிஸ்தான். சிகாகோவில் ஒரு தொலைக்காட்சி வேலையாக இருந்தபோது, அந்த நகரத்துத் தெருக்களில் நடக்கும் வன்முறையைப் பார்த்து, அதற்கு நடுவில் படித்து மேலே வரும் ஒரு பெண்ணை நினைத்ததில் பிறந்தவள் ரீரி என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இதழ்களில் டோனியின் கதைதான் பெரிது, ரீரி அங்கங்கே சில பக்கங்கள் வருவாள். அந்தப் பக்கங்களில் நின்று நிதானமாகப் பாருங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் விடுதி அறை. பழைய அயர்ன் மேன் கவசம் ஒன்றின் நுட்பத்தைப் பிரித்தறிந்து, வளாகத்திலிருந்து எடுத்த பொருட்களை வைத்து ஒரு முரட்டுக் கவசத்தைக் கட்டியிருக்கிறாள். வளாகக் காவலர்கள் கதவுக்கு வருகிறார்கள். அவள் கவசத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். டோனியின் கவசங்களுக்கு இருக்கும் பளபளப்பு இதில் துளியும் இல்லை. கனமாக, மொத்தையாக, பட்டறையில் செய்த பொருளைப் போலத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. யாரும் கேட்கும் முன்பே, யாரும் கொடுக்கும் முன்பே, அவள் தானாகவே செய்துவிட்டாள். டோனி அவளைத் தேடி வந்து பாராட்டுவது அதற்குப் பிறகுதான்.

படி 4: சிவில் வார் 2-இல் எவ்வளவு தெரிந்தால் போதும்

நடுவில் குறுக்கே வரும் பெரிய சண்டைக் கதை இதுதான். எதிர்காலத்தைக் காணும் இளைஞன் ஒருவன் சொல்வதை நம்பி, நடக்காத குற்றத்துக்கு ஆளைப் பிடிக்கலாமா என்று இன்னொரு நாயகியான கேப்டன் மார்வெலுக்கும் டோனிக்கும் மோதல். அதில் ரோட்ஸ் இறக்கிறார், டோனி கோமாவுக்குப் போகிறார். அவ்வளவு போதும்.

ஒரு விஷயம் மட்டும். அந்தத் தொடர் தாமதமானதால் அதன் கடைசி இதழ் 2016 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. ரீரியின் முதல் இதழோ நவம்பரிலேயே வந்துவிட்டது. டோனிக்கு என்ன ஆனது என்றே தெரியாமல் அவருடைய வாரிசின் கதையைப் படித்தார்கள் அன்றைய வாசகர்கள். வெளியான தேதிப்படி படித்துக் குழம்பாதீர்கள்.

படி 5: 2016 தொடர், 1 முதல் 11, பிறகு 593 முதல் 600

எழுத்து பெண்டிஸ், ஓவியம் பெரும்பாலும் ஸ்டெஃபானோ கசெல்லி. 11-க்கு அடுத்து 593 என்று இருப்பதைப் பார்த்து நடுவில் 581 இதழ்களைத் தேடி அலைய வேண்டாம். 2017 இலையுதிர் காலத்தில் மார்வெல் தன் தொடர்களுக்குப் பழைய மொத்தக் கணக்குப்படி எண் போட ஆரம்பித்தது. 11-க்கு அடுத்தது 593-தான்.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு. பெண்டிஸின் பாத்திரங்கள் நிறையப் பேசுவார்கள். அந்த உரையாடல் பல இடங்களில் இரண்டு பக்கங்களையும் சேர்த்து இடமிருந்து வலமாக ஓடும். ஒரு பக்கத்தைக் கீழ்வரை படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் ஒன்றும் புரியாது. போனில் கட்டம் கட்டமாகக் காட்டும் வசதியை வைத்திருந்தால் இந்த அகலப் பக்கங்களில் அதை நிறுத்திவிட்டு, போனைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

ரீரியின் வீட்டுக் கதை இங்கேதான் வருகிறது. தாய் ரானி, வளர்ப்புத் தந்தை கேரி, எப்போதும் எதையாவது குடைந்துகொண்டிருந்த அந்தச் சிறுமிக்குக் கிடைத்த ஒரே தோழி நட்டாலி. ஓடும் காரிலிருந்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் கேரியும் நட்டாலியும் ஒரே நாளில் இறக்கிறார்கள். அப்புறம், கவசத்துக்குள் அவளுக்குத் துணையாகப் பேசுவது டோனியின் மனதை நகலெடுத்த செயற்கை நுண்ணறிவு.

இந்தத் தொடரில் என் குறையும் அதுதான். டோனியின் குரல் சுவாரசியமானது, அதனாலேயே பல காட்சிகளில் அவர் முன்னால் வந்துவிடுகிறார், ரீரி பதில் சொல்பவளாகிவிடுகிறாள். கதை இடத்தைக் கொடுத்துவிட்டது, ஆனால் பழைய ஆள் அறையை விட்டு இன்னும் போகவில்லை. 593-க்குப் பிறகு தொடரே டோனியைத் தேடும் கதையாக மாறுகிறது. 600-இல் பெண்டிஸ் மார்வெலை விட்டு விடைபெற்றார். நேரம் குறைவாக இருந்தால் 1 முதல் 5 வரை படித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடலாம்.

தேடும்போது இன்னொன்றும் கண்ணில் படும். 2016 அக்டோபரில், ஒரு கடைக்கென்று தனியாக வரைந்த மாற்று அட்டையில் 15 வயதுப் பெண்ணை இடுப்பு தெரியும் உடையில், வளர்ந்த விளம்பர அழகியைப் போல வரைந்திருந்தார்கள். வாசகர்கள் கொதித்தார்கள், அட்டை திரும்பப் பெறப்பட்டது. கோபப்பட்டவர்கள் பக்கம்தான் நியாயம். ஒரு கறுப்பினச் சிறுமியை முன்னால் நிறுத்தும்போது அவளைச் சிறுமியாகவே வரைவது மிகக் குறைந்தபட்ச மரியாதை.

படி 6: 2018 தொடர், 12 இதழ்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

மொத்தக் கதையில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். எழுதியவர் ஈவ் எல். யூயிங். சிகாகோவில் வளர்ந்த கறுப்பினப் பெண், கவிஞர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர். 2013-இல் சிகாகோ நகரம் ஏறக்குறைய 50 அரசுப் பள்ளிகளை ஒரே வீச்சில் மூடியது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். அதைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர் இவர். ரீரியின் கதையை இவரிடம் கொடுக்க வேண்டும் என்று 2017-இலேயே ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து திரட்டினார்கள், அடுத்த ஆண்டு நவம்பரில் முதல் இதழ் வந்தது. லூசியானோ வெக்கியோவும் கெவின் லிப்ராண்டாவும் வரைந்தார்கள்.

முதல் இதழிலேயே மாற்றம் தெரியும். டோனியின் குரல் கவசத்துக்குள் இல்லை. எம்.ஐ.டி.யில் ரீரிக்குத் தனி ஆய்வகம் இருக்கிறது, வேலை இருக்கிறது, பேச ஆள் இல்லை. ஒலியை ஆயுதமாக்கிய கிளாஷ் என்பவனோடு சண்டை நடக்கிறது. இதழ் முடியும்போது அவளுடைய செயற்கை நுண்ணறிவு நட்டாலியின் உருவத்தில் எதிரே நிற்கிறது. ரீரி திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. இறந்துபோன தோழி அதே குறும்போடு பேசினால் சந்தோஷப்படுவதா, இயந்திரத்தை அணைப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் முகத்தை ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். வசனத்தில் எரிச்சல், முகத்தில் பயம். துணைக்குரல் டோனியிடமிருந்து நட்டாலிக்கு மாறிய அந்த ஒரு முடிவில்தான், என்னைக் கேட்டால், கதை முழுக்க ரீரி கைக்கு வருகிறது.

பிறகு அவள் சிகாகோவுக்குத் திரும்புகிறாள். பழைய பள்ளித் தோழி ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள், தேடித்தான் ஆக வேண்டும். உலகத்தைக் காப்பாற்றும் பேச்சு கொஞ்சம் ஒதுங்கி, தன் பேட்டையில் ஒரு பிள்ளை காணாமல் போனால் யார் கவலைப்படுகிறார்கள் என்ற கேள்வி முன்னால் வருகிறது. யூயிங்குக்கு அந்தத் தெருக்களைத் தெரியும், அங்கே யாரும் வன்முறைக்குப் பலியானவர்கள் மட்டுமாக வந்து போவதில்லை. அம்மா திட்டுகிறார், அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள், ஒரு பையன் பேச்சு கொடுக்கிறான். இரண்டாம் பாதியில் டென் ரிங்ஸ் கும்பல் வரும்போது கதை சற்று அவசரமாக ஓடுகிறது. 12 இதழ்களோடு நின்றுபோனதுதான் வருத்தம்.

படி 7: திரையில் பார்க்கும்போது

காமிக்ஸுக்குப் பிறகு பாருங்கள். 2022 நவம்பரில் வந்த இரண்டாவது பிளாக் பேந்தர் படத்தில் டொமினிக் தோர்ன் ரீரியாக அறிமுகமானார். வகுப்பு வேலைக்காக அவள் செய்த கருவி வைப்ரேனியம் என்ற அபூர்வ உலோகத்தைக் கண்டுபிடித்துவிட, வகாண்டா நாட்டு இளவரசி ஷூரியும் படைத்தலைவி ஒகோயேயும் அவளைத் தேடி வருகிறார்கள். ஷூரியே, பிளாக் பேந்தராக இருந்த அண்ணன் இறந்தபின் அவர் இடத்தை ஏற்கத் தயங்கி நிற்பவள். இரண்டு இளம் கறுப்பினப் பெண்களும் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்யும் காட்சிகளை அதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

2025 ஜூன் 24 அன்று 'அயர்ன்ஹார்ட்' தொடர் வந்தது. ஆறு பகுதிகள், உருவாக்கியவர் சினாகா ஹாட்ஜ். இங்கே பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. திரைக்கதையில் டோனி 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்திலேயே இறந்துவிட்டார், ரீரியைச் சந்தித்ததே இல்லை. அவளுக்கு யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. எம்.ஐ.டி.யிலிருந்து நீக்கப்பட்டு, கவசத்தைத் தூக்கிக்கொண்டு சிகாகோ வந்து, பணத்துக்காகத் திருட்டுக் கும்பலோடு சேர்கிறாள். காமிக்ஸில் டோனியின் ஆசி இருந்ததால் மறைந்திருந்த பண நெருக்கடி இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. நட்டாலி இதிலும் உண்டு. அவள் திரும்பி வரும் காட்சியை யூயிங்கின் முதல் இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கடைசிப் பகுதியில் ரீரி எடுக்கும் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது டோனியிடமிருந்து வந்த தவறு அல்ல, முழுக்க அவளுடையது.